அப்பாயி ஆசைப்பட்ட காலம்

அப்பாயி பிறந்தது தாது வருஷம். 1936 சித்திரைக்கும் 1937 பங்குனிக்கும் இடையில் ஏதோ ஒரு நாள். குறித்து வைக்க வீட்டில் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதற்கு அறுபது வருஷம் முன்னால் வந்த தாது வருஷத்தில், 1876-ல், தொடங்கிய பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அந்தப் பஞ்சத்தைச் சிறுபிள்ளைகளாகப் பார்த்துப் பிழைத்த கிழவிகள் ஓரிருவர் ஊரில் அப்போதும் இருந்தார்களாம். பெண் குழந்தை பிறந்த சேதி கேட்டதும், "தாதுல பொறந்த புள்ள சோத்துக்குச் சிரமப்படும்" என்றார்களாம். அப்பாயி இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்து, "அவுக சொன்னது பாதிதான் பலிச்சுது" என்பார். மீதிப் பாதி பலிக்காமல் போனதில் அவருக்கு அவ்வளவு நிறைவு.

2019-ல் அவர் இறந்தபோது உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகள் வந்து குவிந்தன. "அந்தக் காலத்துச் சாப்பாடு, அந்தக் காலத்து உழைப்பு, மருந்து மாத்திரை படாத உடம்பு, அதனால்தான் எண்பத்து மூன்று வயது" என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். அன்போடு எழுதியவைதான். ஆனால் அவர் மடியில் வளர்ந்த எனக்கு, வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல் இருந்தது. அந்தக் காலத்தை விட்டு ஒவ்வொரு படியாக வெளியே வந்ததால்தான் அப்பாயி எண்பத்து மூன்று வயது வரை இருந்தார். எதிலிருந்து வெளியே வர அவர் அத்தனை பாடுபட்டாரோ, அதற்குள் திரும்பிப் போக அவருடைய பேரன் பேத்திகளாகிய நாங்கள் இன்று ஆசைப்படுகிறோம். அவர் எதற்கு ஆசைப்பட்டார் என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதும் கை என்னுடையதாக இருக்கட்டும்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே, செம்மண் காட்டில் இருக்கிறது. அப்பாயி பிறந்தபோது அது புதுக்கோட்டை சமஸ்தானம். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு என்ற சின்னச் செப்புக்காசு புழக்கத்தில் இருந்த காலம். 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-ல். சமஸ்தானத்துப் பெண்ணாகப் பிறந்து, திருச்சி ஜில்லாவில் வாழ்க்கைப்பட்டு, புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மூடினார். இதற்காக அவர் இருந்த இடத்திலிருந்து ஏழெட்டு மைலுக்கு மேல் நகரவில்லை.

அந்தச் செம்மண்ணில் வானம் பார்த்து விளைந்தது வரகும் கேழ்வரகும் நிலக்கடலையும். நெல் விளைய ஏரித் தண்ணீர் வேண்டும். அது எல்லாருக்கும் வாய்க்கவில்லை. ஆகவே அப்பாயியின் சிறுவயதுச் சோறு என்றால் வரகுச் சோறு. வரகின் உமி லேசில் போகாது. களிமண் பூசிய திருகையில் போட்டு உடைத்து, முறத்தில் புடைத்து, உரலில் குத்தி, மறுபடி புடைத்து, மறுபடி குத்த வேண்டும். விடியற்காலை முதல்கோழி கூவும்போது உலக்கை பிடித்தால்தான் உச்சிக்குச் சோறு. பத்து வயதில் தொடங்கிய இந்த வேலை, பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள்கூட நின்றதில்லை என்பார். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வரகைத் தின்றால் கிறுகிறுப்பு வரும். ஒரு ஐப்பசியில் வீடே தலைசுற்றி விழுந்து கிடந்ததையும், பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கக்கூடக் கையில் தெம்பில்லாமல் போனதையும் அவர் மறக்கவேயில்லை.

நெல்லுச் சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு. யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் பிள்ளைகள் பத்து நாளைக்கு முன்பிருந்தே அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். 1960-களின் பிற்பாதியில் ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 என்று புது ரக நெல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் விளைச்சல் பெருகியது. பிறகு ரேஷன் கடை வந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011-லிருந்து விலையில்லாமலும் அரிசி கொடுத்தார்கள். அந்த அரிசியை எங்கள் வீட்டு இளவட்டங்கள் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். அப்பாயி அதைக் கல் பொறுக்கி, நாலு தண்ணி அலசி, நிதானமாக வடித்து, ஆவி பறக்கிற சோற்றில் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்பார். தினமும் பார்ப்பார். அவர் வாழ்நாளில் கண்ட பெரிய மாற்றம் எது என்று ஒருமுறை கேட்டேன். சுதந்திரம், கரண்டு, டி.வி. என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "நாளைக்கும் சோறு இருக்குன்னு தெரிஞ்சு தூங்குறது" என்றார்.

இப்போது நான் சென்னையில் வரகு வாங்குகிறேன். நெல்லரிசியைவிட அதற்கு விலை அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, அரிசியைக் குறை என்று மருத்துவர் சொன்னதால் வாங்குகிறேன். சிறுதானியம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐ.நா. சபையே 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. வறண்ட நிலத்தில் குறைந்த தண்ணீரில் விளையும் பயிர் நமக்கு வேண்டும். ஆனால் நான் வாங்கும் வரகு மில்லில் தீட்டி வருகிறது. அதற்காக எந்தப் பத்து வயதுப் பெண்ணும் முதல்கோழிக்கு எழுந்திருக்கவில்லை. பிடிக்காத அன்று இட்லி சாப்பிட எனக்கு வழி இருக்கிறது. ஒருமுறை சென்னைக்கு வந்திருந்தபோது என் சமையலறையில் வரகுப் பொட்டலத்தை அப்பாயி பார்த்தார். பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "சுத்தமா இருக்கு. ஒடம்புக்கு வேணும்னா நீ தின்னு ஆத்தா. புள்ளைக்கு நெல்லுச் சோறு போடு" என்றார். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வேறு வழியில்லாமல் தின்னும் நாள் அந்தக் குழந்தைக்கு வந்துவிடக் கூடாது என்கிற பயம் அந்தக் குரலில் இருந்தது.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "விறகடுப்புச் சமையல்" என்று பலகை வைத்த உணவகங்கள் இப்போது நெடுஞ்சாலை ஓரமெல்லாம் இருக்கின்றன. கூட்டமும் அள்ளுகிறது. அப்பாயியின் விறகடுப்பு கூரை வீட்டின் மூலையில், சன்னல் இல்லாத இடத்தில் இருந்தது. மழைக்காலத்தில் ஈர விறகு. ஊதுகுழலால் ஊதி ஊதி நெஞ்சு இழுக்கும். கண்ணில் எந்நேரமும் நீர். ஐம்பது வயதுக்கெல்லாம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. இலவசக் கண் முகாம் ஒன்றில் அறுவை செய்து கண்ணாடி போட்ட பிறகுதான் எங்கள் முகங்களைத் தெளிவாகப் பார்த்தார். 2007-ல் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோது, பட்டியலில் பெயர் வந்துவிட்டதா என்று ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாக நடந்தார். அடுப்பு வந்த அன்று மாலையே பழைய மண் அடுப்பை மண்வெட்டியால் தட்டி எடுத்துக் கொல்லையில் போட்டார். "ஒருநாள் கேஸ் தீர்ந்தா என்ன பண்ணுவீக?" என்று அம்மா கேட்டார். "பட்டினி கெடப்பேன், ஊத மாட்டேன்" என்பதுதான் பதில்.

அரசு கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு அம்மி, ஆட்டுக்கல் பக்கம் அவர் போகவில்லை. அம்மியில் அரைத்த குழம்பின் ருசியைப் பற்றி என் அத்தை மகன் நீளமாகப் பேசுவான். அந்த ருசி எனக்கும் நாக்கில் இருக்கிறது. அந்த ருசிக்குள் அவருடைய தோள்பட்டை இருந்தது. ராத்திரியில் அந்தத் தோளில் தைலம் தேய்த்தவள் நான்.

காதில் தண்டட்டியோடு, கண்டாங்கிச் சேலையோடு இருக்கும் கிழவியின் படம் இன்று எல்லாருக்கும் பிடிக்கிறது. புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகத் தேடிப்போய் எடுக்கிறார்கள். அப்பாயியும் தண்டட்டி போட்டிருந்தவர்தான். சின்னப் பிள்ளையிலேயே காது குத்தி, துளையில் பஞ்சும் ஓலைச் சுருளும் செருகி, தோள் வரை தொங்கும்படி வளர்த்திருந்தார்கள். சின்ன அத்தையை ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்க்கப் பணம் தேவைப்பட்டபோது அந்தத் தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதோடு நிற்காமல், தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொண்டு, சின்னதாக ஒரு கம்மல் போட்டுக்கொண்டார். "கழுத்தைத் திருப்புறப்ப இப்பத்தான் லேசா இருக்கு" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். காரைக்குடிக் கண்டாங்கிக்கு, அவர் இறந்த அதே 2019-ல், புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர்களுக்கு அது நல்ல சேதி. ஆனால் அப்பாயி தன் முரட்டுக் கண்டாங்கியை விட்டு நைலக்ஸ் சேலைக்கு மாறியதற்கும் காரணம் இருந்தது. மாற்றுச் சேலை இல்லாத பெண்ணுக்கு, துவைத்தால் சீக்கிரம் காய்கிற துணி பெரிய விடுதலை. கண்டாங்கி ஈரத்தில் கல்லாகக் கனக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் காயாது. ஈரச் சேலையோடு நாற்றங்காலில் நின்ற உடம்புக்குத்தான் அது தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட அவர் மனதார விரும்பி வரவேற்ற புதுமை ஒன்று உண்டு. அது தடுப்பூசி.

அப்பாயி பெற்றது ஆறு. வளர்த்தது நான்கு. இரண்டாவது பிள்ளை, ஆண், இரண்டு வயதில் பெரியம்மையில் போனது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வரும்போதெல்லாம் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டில் ஒளிந்த காலம் அது. மாமியார் சொன்னபடி அவரும் ஒளிந்திருக்கிறார். நான்காவது, பெண், பெயர்கூட வைக்கவில்லை. பிறந்த ஆறாம் நாள் பால் குடிக்க வாய் திறக்க முடியாமல் தாடை இறுகியது. உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. எட்டாம் நாள் முடிந்தது. பேய் அடித்தது என்றார்கள். தீட்டு என்றார்கள். பிள்ளையை விழுங்கியவள் என்று அப்பாயியைப் பற்றிச் சாடையாகப் பேசினார்கள்.

1970-களில் ஊருக்கு வந்த கிராம சுகாதார நர்ஸம்மாதான் அவரிடம் முதன்முறையாக உண்மையைச் சொன்னார். தொப்புள்கொடியை அறுத்த அரிவாளில் இருந்த கிருமி. காயத்தில் அப்பிய சாணிச் சாம்பல். கர்ப்பத்தில் இருக்கும்போதே தாய்க்கு ரண ஜன்னி ஊசி போட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். இதைக் கேட்டபோது தனக்கு எப்படி இருந்தது என்று அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எம்மேல தப்பில்லன்னு அன்னைக்குத்தான் ஒரு பொம்பள சொன்னா. அதோட, இனிமே ஒருத்திக்கும் இப்படி ஆவக்கூடாதுன்னும் தெரிஞ்சுக்கிட்டேன்."

அதன்பிறகு எங்கள் தெருவில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும் அப்பாயி முதலில் கேட்கும் கேள்வி, "ஊசி போட்டாச்சா?" என்பது. மாமியார்கள் தடுத்தால் அவர்களோடு சண்டை. தானே அழைத்துக்கொண்டு ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கு நடப்பார். பஸ்ஸுக்குக் காசில்லாதவளுக்கு முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பேரப்பிள்ளைகள் எங்கள் அத்தனை பேருக்கும் ஊசி போட்ட அட்டைகளை, நிலப் பட்டாவோடு சேர்த்து ஒரே தகரப்பெட்டியில் வைத்திருந்தார்.

இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி ஒழிந்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயது முடியுமுன் இறந்தன. 2020-ல் அந்த எண்ணிக்கை 13. இந்த இறக்கம் தானாக நடக்கவில்லை. ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்த நர்ஸம்மாக்களும், அவர்களை நம்பிய எழுத்தறியாத பெண்களும் சேர்ந்து செய்த வேலை இது. எந்தக் கல்வெட்டிலும் பெயரில்லாத அந்தப் பெண்களில் ஒருவர் என் அப்பாயி.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கினார்கள். அந்த ஊசியால் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது; பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பட்டப்படிப்பு முடித்த என் பெரியப்பா மகனும் தன் மகளை வீட்டில் நிறுத்திக்கொண்டான். "நம்ம முன்னோர்கள் ஊசி போட்டா வாழ்ந்தாங்க?" என்று அவன் கேட்டான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயி கோலை ஊன்றி எழுந்து வந்தார். "வாழ்ந்தவுகளத்தான் நீ பாக்குற. வாழாததுக இந்தக் கொல்லைக்குள்ள கெடக்குக. ரெண்ட நான் பொதைச்சிருக்கேன். எடத்தக் காட்டவா?" என்றார். மறுநாள் குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று. அவன் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முன்னோர் என்று நாம் சொல்லும்போது, பேச்சு வருவதற்கு முன்பே இறந்துபோன அவர்களுடைய பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அப்பாயியின் கணக்கில் வந்தார்கள்.

இன்னொரு ஆசை, எழுத்து. அதற்குப் பின்னால் ஒரு பத்திரம் இருக்கிறது. 1960-களில் அவருடைய அப்பா இறந்தார். கிணறும் பலாமரமுமாகக் கொஞ்சம் நிலம், அவர் சம்பாதித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. அப்பாயிக்கு அது தெரியாது. கூடப் பிறந்தவர்கள் ஒரு புடவையும் வெற்றிலை பாக்கும் கொடுத்து, ஒரு தாளில் பெருவிரலை உருட்டச் சொன்னார்கள். உருட்டினார். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. "பங்கு போனதுகூட இல்ல ஆத்தா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். என்னன்னு தெரியாமயே எங்கைய வச்சாகளே, அதான்" என்பார்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. சாயங்காலமானால் ஊர் ஊராகத் திண்ணைகளிலும் கோயில் வாசலிலும் அரிக்கேன் விளக்கு வைத்து வகுப்பு. கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை முடித்து வந்த பெண்கள், ஆடு மேய்க்கிற பெண்கள் உட்கார்ந்து படித்தார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதும் இயக்கத்தின் பகுதியானது. சேலையை வரிந்துகட்டி ஆண்கள் சைக்கிளில் பெண்கள் சாரிசாரியாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். சின்ன அத்தை அப்படித்தான் கற்றுக்கொண்டார். பஸ்ஸுக்கும் கூடவரும் ஆளுக்கும் காத்திருந்த பெண்கள், நினைத்த நேரத்தில் சந்தைக்கும் வங்கிக்கும் போனார்கள். 1992-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது.

அப்பாயிக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. வகுப்பில் சேர்க்கும் வயதைத் தாண்டியவர். ஆனாலும் முதல் நாளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்தது பத்தாம் வகுப்பு முடித்த பக்கத்து வீட்டுப் பெண். அவளை வகுப்பில் மட்டும் "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். நானும் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. ஒரே விளக்கில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுவோம். உலக்கை பிடித்துக் காய்த்த விரல்களுக்குள் பல்பம் நிற்காது, நழுவி நழுவி விழும். 'ழ' அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையை முதன்முறை தானே வாசித்து ஏறியதை ஊரெல்லாம் சொன்னார்.

தாத்தா 1994-ல் இறந்தார். மறு வருஷம் நிலத்தைப் பிரிக்கும் பேச்சு வந்தபோது, வழக்கப்படி அத்தைகள் இருவருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் கெட்டவர்கள் அல்ல. ஊரில் எல்லாரும் செய்ததைச் செய்தார்கள். அப்பாயி அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடிக்க நேரமாயிற்று. யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தாத்தா சம்பாதிச்சது. நாலு புள்ளையும் அவுக புள்ளைக. எனக்கும் சேத்து அஞ்சு பங்கு போடுங்க" என்றார். அப்படியே ஆனது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாரிடமும் பெருவிரல் ரேகை வாங்குவது வழக்கம். அவரிடமும் பதிவேட்டில் வாங்கினார்கள். ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், ரேகைக்குப் பதிலாக அவர் கையெழுத்து இருக்கிறது. சாய்ந்து, பெரிதாக, கோட்டை விட்டுக் கீழே இறங்கிய எழுத்துகள். அந்தப் பத்திரத்தின் நகல் என்னிடம் உண்டு. பெரிய அத்தை பின்னாளில் புருஷன் கைவிட்டுத் தனியே நின்றபோது, அவரைத் தாங்கிப்பிடித்தது அந்தப் பங்கு நிலத்தின் மல்லிகைப் பூ வருமானம். 'அந்தக் காலத்துப் பெண்களின் பொறுமை' என்று அஞ்சலியில் எழுதினார்கள். அவர் பொறுமையாக இருந்திருந்தால் பெரிய அத்தைக்கு நிலம் இல்லை.

வீட்டுக்கும் இதே கதைதான். கீற்று வேய்ந்த கூரை வீட்டில் ஐம்பது வருஷம் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும்; கோடையில் தீ பயம், மழையில் ஒழுகல், எந்நேரமும் தேள். காரை வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பூ விற்ற காசையும் பலாப்பழம் விற்ற காசையும் சேர்த்துச் சேர்த்து 2001-ல் கட்டி முடித்தார். கூரை போட்ட குடிலில் ஓர் இரவு தங்க இன்று சுற்றுலா விடுதிகளில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். வேனிலில் குளுமை என்பது உண்மைதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறி எங்கள் பக்கத்தை அடித்து நொறுக்கியபோது, தெருவிலிருந்த கூரை வீட்டுக்காரர்கள் குழந்தைகளோடு வந்து ஒதுங்கியது அப்பாயி கட்டிய அந்தக் காரை வீட்டில். விடிய விடிய அவர் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தார், கேஸ் அடுப்பில்.

விடிந்ததும் கொல்லைக்குப் போனார். அவர் கையால் கன்று வைத்து வளர்த்த பலாமரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு என்று அந்த வட்டாரம் முழுக்கத் தென்னையும் பலாவும் அப்படிக் கிடந்தன. தண்டட்டியைக் கழற்றியபோது அழாதவர், மண் அடுப்பைத் தானே உடைத்தவர், அன்று மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பழையது என்பதற்காக எதையும் பிடித்து வைத்திருந்தவரும் அல்ல, பழையது என்பதற்காக எதையும் தூக்கி எறிந்தவரும் அல்ல என்பது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. அவர் கைகழுவி விட்டவை வேறு. அவர் கையிலிருந்து நழுவிப் போனவை வேறு.

நழுவிப் போனவற்றில் முதலாவது தண்ணீர். அவர் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். மாடு பூட்டிக் கமலை இறைப்பார்கள். பிறகு மின்மோட்டார் வந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறு. பக்கத்துக் கொல்லையில் நூறு அடி என்றால் நாம் இருநூறு அடி. இப்போது பல நூறு அடிக்குக் கீழே போயும் நிச்சயமில்லை. தோண்டிய கிணறுகள் குப்பைக் குழிகளாயின. குளத்துக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துவாரி மேடாகி, சில இடங்களில் வயலாகவே மாறிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் தைலமரக் காடுகள் பெருகின. முன்பெல்லாம் கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து குளத்தையும் வாரியையும் சீர்செய்வார்கள். குடிமராமத்து என்ற அந்த வழக்கம் எப்போது நின்றது என்று கேட்டால் அப்பாயிக்கே நினைவில்லை. "மோட்டார் வந்தப்புறம் ஒருத்தரை ஒருத்தர் தேடல" என்று மட்டும் சொல்வார். மோட்டாரை அவர் குறை சொன்னதில்லை. இறைத்ததற்கு ஈடாக நிலத்துக்குள் தண்ணீரைத் திருப்பி அனுப்பும் வேலையை விட்டதைத்தான் குறை சொன்னார்.

அவர் ஆசைகளில் நிறைவேறாதது இது ஒன்றுதான். இதை நிறைவேற்றப் பழங்காலத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. கஜாவுக்குப் பிறகு, 2019-ல், பேராவூரணியில் இளைஞர்களும் விவசாயிகளும் கூடி ஊர்ப் பணத்தில் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். பொக்லைன் இயந்திரம் வைத்து, வாட்ஸ்அப்பில் வரவு செலவுக் கணக்கு போட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பணம் திரட்டிச் செய்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலும் அது தொற்றியது. பொய்ச் செய்தியைப் பரப்பிய அதே வாட்ஸ்அப் குளத்துக்கும் பணம் சேர்த்தது. இதைப் பார்க்க அப்பாயி இருந்திருந்தால், சந்தேகமே இல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்திருப்பார்.

எங்கள் ஊர்க் குளத்துக்கு நானும் என் பங்கைக் கொடுத்தேன். ஊசி போடாமல் மகளை நிறுத்திய அதே அண்ணன்தான் கணக்குப் பார்த்தான். அப்பாயி பெயரில் என்று ரசீதில் அவனே எழுதினான். ஒரு ஐப்பசி மழையில் குளம் முக்கால்வாசி நிறைந்தது. இரண்டு கிணற்றில் ஊற்றுக் கண் திறந்தது. அப்பாயியின் நினைவு நாளுக்கு வீட்டில் நெல்லுச் சோறுதான் படைக்கிறோம். சிறுதானியப் பொங்கல் வைக்கலாமே என்று யாராவது கேட்டால் என் மகள் மறுத்துவிடுகிறாள். அவளுக்கு நான் இந்தக் கதைகளையெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உலக்கையின் கதை, எட்டாம் நாள் போன குழந்தையின் கதை, எழுத்துக் கூட்டி வாசித்த பத்திரத்தின் கதை. வரத்துவாரியில் கீழ்ப்பாதி தூர்வாரியாயிற்று. மேல்பாதி இன்னும் மேடாகத்தான் கிடக்கிறது. அதில் மூன்று பேர் வயல் இருக்கிறது, இருவர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாமவரிடம் வருகிற தை மாதம் அத்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசப் போகிறோம்.